சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் சட்டம் உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சட்ட விழிப்புணர்வு அமர்வில் பேசியது)



நானும் உங்களைப் போலக் குழுவில் இருந்து வந்தவள்தான். பதினாலு வருஷம் எங்க குழுவுக்கு ஊக்குநராக இருந்தேன். அப்புறம் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்திய பயிற்சிக்குப் போய், இப்போது சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. எந்தக் கதவைத் தட்டணும் என்று வழி காட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களின் சட்ட உரிமைகள்'. தலைப்பை அறிவித்ததும் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீங்க. "இதெல்லாம் மெட்ராஸ்ல, பெங்களூர்ல, கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கிற பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று ஒரு அக்கா பக்கத்தில் சொன்னதும் என் காதில் விழுந்தது.

நான் ஒன்று கேட்கிறேன். புருஷன் செத்துப்போன பிறகு, பொண்டாட்டி இல்லாத ஒருத்தரோடு சேர்ந்து குடும்பம் நடத்துகிற பெண் உங்க ஊரில் ஒருத்திகூட இல்லையா? புருஷன் விட்டுட்டுப் போய், கோர்ட்டு படி ஏறாமலே இன்னொருத்தரோடு வாழ்கிறவங்க இல்லையா? வேலைக்குப் போன இடத்தில் பழகி, வீட்டுக்குத் தெரியாமல் கோயிலில் தாலி கட்டி, ஒரு காகிதமும் இல்லாமல் வாழ்கிற பிள்ளைகள் இல்லையா? இருக்காங்க. நாம அதை 'லிவிங் டுகெதர்' என்று சொல்வதில்லை. 'சேர்த்துக்கிட்டா' என்று சொல்கிறோம். இன்னும் கேவலமான வார்த்தைகளும் நம்மிடம் இருக்கு, இந்த மேடையில் அதைச் சொல்ல வேண்டாம்.

எங்க குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

அவங்க சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவங்க. பிறகு ஒரு கொத்தனாரோடு சேர்ந்து வாழ்ந்தாங்க. அவருக்கும் முதல் மனைவி இறந்துட்டாங்க. 'ரெண்டாம் தாலி'ன்னு ஊர் பேசுமே என்று தாலி கட்டிக்கொள்ளவில்லை. பதினொரு வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு பொம்பளைப் பிள்ளையும் பிறந்தது. கடைசி மூணு வருஷம் குடியும் அடியும். ஒரு நாள் அவரும் அவர் தம்பிகளும் சேர்ந்து இவங்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிட்டாங்க. உள்ளே இருந்தது குழுக்கடனில் வாங்கிய தையல் மிஷின்.

அந்த வாரக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒருத்தங்க சொன்னாங்க: "தாலி கட்டியிருந்தா நாலு பேர் போய்க் கேட்கலாம். தாலியே இல்லாதவளுக்கு நாம என்னன்னு போய்க் கேக்குறது?" நான் ஊக்குநர். எதிரே தீர்மான நோட்டு விரிச்சு வச்சிருக்கு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பொருளுக்குப் போனேன். அடுத்த பொருள் என்ன தெரியுமா? அந்த அக்காவின் தவணை பாக்கி.

அன்னிக்கு ராத்திரி அவங்க என் வீட்டுக்கு வந்தாங்க. "எனக்கு அந்த ஆளும் வேணாம், வீடும் வேணாம். மிஷினை மட்டும் வாங்கிக் குடுங்க. தைச்சாத்தானே தவணை கட்ட முடியும்?" என்றாங்க. தவணையைக் கேட்கத் தெரிந்த எங்களுக்கு மிஷினைக் கேட்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் நான் சட்டம் கற்றுக்கொள்ளப் போனேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வயது வந்த ஆணும் பெண்ணும் கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்வது குற்றமா? இல்லை. 2005ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக 23 வழக்குகள் போட்டார்கள், ஞாபகம் இருக்கும். அதையெல்லாம் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சேர்ந்து வாழ்வதைச் சிலர் ஒழுக்கக்கேடு என்று நினைக்கலாம், ஆனால் அது சட்டப்படி குற்றம் இல்லை என்று அந்தத் தீர்ப்பில் தெளிவாகச் சொன்னார்கள். 'சேர்ந்து வாழ்ந்தா பதிவு பண்ணணுமாமே' என்று டி.வி.யில் பார்த்துவிட்டுக் கேட்கிறீங்க. அது 2025 ஜனவரியில் இருந்து உத்தராகண்ட் மாநிலத்தில் வந்த சட்டம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

சரி, குற்றம் இல்லை. உரிமை இருக்கா? அது நீங்க எந்த நிலையில் இருக்கீங்க என்பதைப் பொறுத்தது. மூணு நிலையாகப் பிரித்துச் சொல்கிறேன். உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவருக்கோ எது பொருந்துது என்று பாருங்க.

முதல் நிலை. தாலி கட்டியாச்சு, பதிவு பண்ணலை. இவங்க பலரும் 'எங்களுக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகலை' என்று நம்பிக்கொண்டு இருக்காங்க. அது தப்பு. 1967ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணம் என்று நாம் சொல்வது அதுதான். ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் 'இவரை என் கணவராக ஏற்கிறேன், இவளை என் மனைவியாக ஏற்கிறேன்' என்று இருவரும் சொல்லலாம். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். இதில் ஒன்று நடந்தாலும் அது கல்யாணம்தான். ஊரைக் கூட்டிச் செய்யணும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்போ பதிவு எதற்கு? நிரூபிக்க. நாளைக்கு அவர் 'நான் தாலியே கட்டலை' என்று சொன்னால் யார் சாட்சி சொல்வது? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவர் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்யணும். பதிவு செய்யாததால் கல்யாணம் செல்லாமல் போகாது. ஆனால் பதிவு இருந்தால் நீங்க கோர்ட்டில் அழ வேண்டியதில்லை, காகிதத்தை நீட்டினால் போதும்.

இரண்டாம் நிலை. தாலி இல்லை, ஆனால் ரெண்டு பேருக்கும் வேறு கல்யாணத் தடை இல்லை. எங்க அக்கா மாதிரி. இவங்களுக்குத்தான் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் கை கொடுக்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மனைவிக்கு மட்டும் இல்லை, 'திருமணம் போன்ற உறவில்' வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கு.

எது திருமணம் போன்ற உறவு? இதற்கு விளக்கம் கொடுத்த வழக்கு நம்ம கோயம்புத்தூரில் இருந்து போன வழக்குதான். குடும்ப நீதிமன்றத்தில் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சத்துக்கு உத்தரவான ஒரு வழக்கு, உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 அக்டோபரில் வந்த தீர்ப்பில் நாலு விஷயம் சொன்னார்கள். ஊர் பார்க்கக் கணவன் மனைவியாக நடந்திருக்கணும். கல்யாண வயது ஆகியிருக்கணும். கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி இருக்கணும், அதாவது உயிரோடு இருக்கிற வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. நல்ல காலம் சேர்ந்து, விருப்பப்பட்டு வாழ்ந்திருக்கணும். ரெண்டு நாள் லாட்ஜில் தங்கியதெல்லாம் கணக்கில் வராது.

அதே தீர்ப்பில் ஒரு வார்த்தையும் இருந்தது. ஒருத்தர் பணம் கொடுத்து வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைக் குறிக்க 'கீப்' என்று நீதிபதி எழுதியிருந்தார். ஒரு பெண்ணை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று, அப்போது அரசின் கூடுதல் தலைமை வழக்கறிஞராக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்த நீதிமன்றத்திலேயே எழுந்து கேட்டார். உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு பெண் எழுந்து ஆட்சேபிக்கிறார். வாரக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருந்த என்னால் அது முடியவில்லை.

இந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்கு அந்தச் சட்டம் என்னவெல்லாம் தரும்? அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து கலாட்டா பண்ணக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருந்து வெளியே தள்ளக் கூடாது, தள்ளியிருந்தால் உள்ளே விடணும், இல்லாவிட்டால் வேறு வீடோ வாடகையோ கொடுக்கணும் என்று குடியிருப்பு உத்தரவு. வீடு அவர் பேரில் இருந்தாலும் இதைக் கேட்கலாம். செலவுக்குப் பணம், காயத்துக்கு மருத்துவச் செலவு, நஷ்ட ஈடு. பிள்ளையைத் தற்காலிகமாக நம்மிடம் வைத்துக்கொள்ள உத்தரவு. நம்ம நகை, நம்ம சாமான் திரும்பக் கிடைக்க உத்தரவு. தையல் மிஷின் அதில்தான் வருது.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். மனு கொடுத்தால் சாதாரணமாக மூணு நாளுக்குள் முதல் விசாரணைக்கு எடுக்கணும், 60 நாளுக்குள் முடிக்க முயற்சி செய்யணும் என்று சட்டம் சொல்லுது. நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும். அதனால் மனு கொடுக்கும்போதே 'இடைக்கால உத்தரவு வேணும்' என்று சேர்த்துக் கேளுங்க.

மூணாம் நிலை. இதுதான் கஷ்டமான நிலை, இதில்தான் நம்மில் நிறையப் பேர் மாட்டுகிறோம். ரெண்டு பேரில் ஒருத்தருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி, துணை உயிரோடு இருக்காங்க, விவாகரத்தும் ஆகலை. 2013ல் கர்நாடகத்தில் இருந்து போன ஒரு வழக்கில், பதினெட்டு வருஷம் ஒருத்தரோடு வாழ்ந்த பெண்ணுக்கே உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. காரணம், அவருக்கு மனைவி இருக்கிறது தெரிந்தே அந்த அம்மா வாழ்ந்தாங்க. இப்படிப்பட்ட பெண்களைக் காப்பாற்றச் சட்டம் வேணும் என்று நீதிபதிகளே அந்தத் தீர்ப்பில் எழுதினாங்க.

ஏமாற்றப்பட்டிருந்தால் கதை வேறு. முதல் கல்யாணத்தை மறைத்து ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டியவர், 'எனக்குத்தான் முதல் மனைவி இருக்கே, இவ மனைவியே இல்லை' என்று சொல்லி ஜீவனாம்சத்தில் இருந்து தப்ப முடியாது என்று அதே 2013ல் வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்திருக்கு. அதனால் அவர் என்ன சொல்லி உங்களை அழைத்து வந்தார் என்பது முக்கியம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'பஞ்சாயத்துல பேசித் தீர்த்து, பத்திரத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம்' என்கிறீங்க. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் விவாகரத்து ஆகாது. தங்கள் சமூகத்தில் அப்படித் தீர்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் இருக்கிறதைக் கோர்ட்டில் நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அது சுலபம் இல்லை. விட்டுட்டுப் போனவரை எண்ணி எத்தனை வருஷம் ஆனாலும் சரி, இன்னொரு வாழ்க்கை தொடங்கும் முன்னால் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிடுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டால் சேர்ந்தே மனு போடலாம். அந்த ஒரு காகிதம் உங்களை மூணாம் நிலையில் இருந்து இரண்டாம் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்பீங்க. பிள்ளைக்கு இந்த நிலைக் கணக்கெல்லாம் ஜீவனாம்சத்தில் கிடையாது. அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் பிள்ளையைப் பராமரிக்க அப்பன் பணம் கொடுத்தே ஆகணும். முன்னே 125ஆம் பிரிவு என்று சொல்வோம், 2024 ஜூலையில் இருந்து புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு. சொத்தைப் பொறுத்தவரை, நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைக் கல்யாணம் ஆனவர்களாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று சொல்கிறவர்தான் நிரூபிக்கணும். 2022ல் கேரள வழக்கு ஒன்றில் இதை வைத்துத்தான் பிள்ளைக்குப் பங்கு கிடைத்தது. தகப்பன் பேரைச் சொல்லாமல் தாய் மட்டுமே காப்பாளராக இருக்க முடியும் என்று 2015ல் தீர்ப்பு வந்திருக்கு. பள்ளிக்கூடத்தில், தாலுகா ஆபீசில் உங்களைக் கூனிக் குறுக வைத்தால் இதை நினைவில் வச்சுக்கோங்க.

ஆனால் அவர் இறந்துபோனால்? இங்கேதான் சேர்ந்து வாழும் பெண்ணின் உரிமை ரொம்ப மெலிசு. மனைவிக்குக் கிடைப்பது போல வாரிசுச் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்காது. பாங்கிக் கணக்கில் நாமினியாகப் பேர் இருந்தால் போதும் என்று நினைக்காதீங்க. நாமினி என்பவர் பணத்தை வாங்குகிற ஆள், அந்தப் பணத்துக்கு வாரிசுகள் உரிமை கேட்டு வரலாம். அதனால் அவர் நல்லா இருக்கும்போதே, அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டுக்கோ மனைக்கோ உயில் எழுதச் சொல்லுங்க. உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டியதில்லை, ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம் வேணும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. உங்க காசு போட்டுக் கட்டிய வீட்டில் உங்க பேரும் பத்திரத்தில் இருக்கணும். 'நமக்குள்ள என்ன'ன்னு விட்டுடாதீங்க.

இனி எங்க அக்கா கதையை முடிக்கிறேன். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தோம். அவங்க கேட்ட முதல் கேள்வி: "கணவன் மனைவியா வாழ்ந்ததுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" அக்கா முகம் சுருங்கிடுச்சு. தாலி இல்லை, போட்டோ இல்லை. ஒவ்வொன்றாக யோசித்தோம். பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டில் கணவர் என்று அவர் பேர். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் அப்பா என்று அவர் பேர். குடும்ப அட்டையில் ரெண்டு பேர் பேரும் ஒன்றாக. கடைசியில் எனக்கே தோணியது, எங்க தீர்மான நோட்டு. மிஷின் கடன் கொடுத்த அன்னிக்கு, அக்கா பேருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று போட்டு அவர் பேரை எழுதியிருந்தது என் கைதான். கீழே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தது அவர்.

'தாலி இல்லாதவளுக்கு என்னன்னு போய்க் கேக்குறது' என்று பேசிய அதே குழுவின் நோட்டு, அவங்களைப் பொண்டாட்டி என்று ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்திருந்தது.

வழக்கு எட்டு மாசம் இழுத்தது. இடைக்கால உத்தரவில் மிஷின் வந்தது. பிள்ளைக்கு மாதப் பணம் வந்தது, அதுவும் நாலு தடவை நினைவூட்டிய பிறகு. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று சட்டம் சொன்னாலும் அக்கா போகலை. வாடகை வாங்கிக்கொண்டு தனியாக இருக்காங்க. தவணையை முழுசாகக் கட்டி முடிச்சுட்டாங்க.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு பை எடுங்க. குடும்ப அட்டை, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி விண்ணப்ப நகல், வாடகை ரசீது, காஸ் புத்தகம், சேர்ந்து வாங்கிய சாமானின் பில், சேர்ந்து எடுத்த போட்டோ, எல்லாவற்றின் நகலையும் அதில் போட்டு, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருத்தரிடம் கொடுத்து வையுங்க. வெளியே தள்ளும்போது பையைத் தேட நேரம் இருக்காது. எழுதும் விவரம் எல்லா இடத்திலும் ஒன்றாக, உண்மையாக இருக்கட்டும். ஒரு காகிதத்தில் விதவை, இன்னொரு காகிதத்தில் மனைவி என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீங்க.

அடி விழுந்தால் 181க்குப் போன் பண்ணுங்க, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க. வக்கீல் வேணும் என்றால் 15100. பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமானக் கணக்குப் பார்க்க மாட்டாங்க. தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவிலும் நேரில் போய்க் கேட்கலாம்.

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் கடைசியாக ஒன்று. உங்க கூட்டத்தில் ஒரு பெண் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும்போது, கழுத்தைப் பார்க்காதீங்க. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேளுங்க. அவங்க சொல்வதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. நான் அன்னிக்கு அடுத்த பொருளுக்குப் போனது போல நீங்க போயிடாதீங்க.

கேள்வி இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து கேளுங்க, நான் பந்தலுக்குப் பின்னால்தான் இருப்பேன்.